சி-41 ஃபிலிம்: பிளிக்ஸ் கிட்டா, தனித்தனி ப்ளீச்–ஃபிக்ஸரா?

சி-41 என்பது கலர் நெகட்டிவ் ஃபிலிமைக் கழுவும் முறை. அதற்கான ரசாயனத்தின் பிராண்டை மாற்றும்போது பழைய நேரத்தை அப்படியே தொடர்வதுதான் பலர் செய்யும் தவறு. சினிஸ்டில் பவுடர் கிட்டின் டெவலப்பருக்கு (படத்தைத் தோன்றவைக்கும் கரைசல்) 39 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 30 விநாடி. கோடாக் ஃபிளெக்ஸிகலருக்கு 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி. புதுப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ, அதுவே கணக்கு.

உண்மையான வித்தியாசம் டெவலப்பருக்குப் பிறகுதான். படத்திலுள்ள வெள்ளியை ப்ளீச் கரையக்கூடியதாக மாற்றும், ஃபிக்ஸர் அதைக் கரைத்து நீக்கும். பிளிக்ஸில் இவை இரண்டும் ஒரே கரைசலில் இருக்கின்றன. 8 நிமிடத்தில் வேலை முடியும். ஒரு புட்டி குறையும். ஆனால் அதில் ப்ளீச்சாக வேலை செய்யும் இரும்புச் சேர்மம், ஃபிக்ஸராக வேலை செய்யும் தயோசல்ஃபேட்டை மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்துகொண்டே இருப்பதால், பயன்படுத்தாமல் வைத்தாலும் வீரியம் குறையும். வீரியம் போன பிளிக்ஸ் ஃபிலிமில் வெள்ளியை விட்டுவைக்கும்: நிறம் மங்கும், கிரெய்ன் (படத்தின் துகள்தன்மை) தடிக்கும். புது ப்ளீச்சிலும் ஃபிக்ஸரிலும் மறுபடி போட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். இன்னொன்று, டேங்கில் ஊற்றியதும் வாயு கிளம்பும். மூடியை அவ்வப்போது திறந்து விடாவிட்டால் கசியும்.

தனித்தனி முறையில் ப்ளீச் 6 நிமிடம் 30 விநாடி, அலசல், பிறகு ஃபிக்ஸர் அதே 6 நிமிடம் 30 விநாடி. நேரம் கூடுதல்தான். ஆனால் ப்ளீச் நீண்ட காலம் தாங்கும். காற்றுப் படும்படி குலுக்கினாலே ஓரளவு புத்துயிர் பெறும். டெவலப்பருக்கும் ப்ளீச்சுக்கும் நடுவே 2 சதவீத அசெட்டிக் அமில ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல்) வைத்தால் கறை, ஃபாக் (படத்தில் படரும் மங்கல்) பயமில்லை.

எப்போதாவது ஏழெட்டு ரோல் சேர்த்து ஒரே மூச்சில் கழுவுபவருக்கு பிளிக்ஸ் போதும். மாதம் ஒன்றிரண்டு என்றால் தனித்தனிதான் சரி. எந்த முறையானாலும் டெவலப்பருக்குத் தனிப் புனல். பிளிக்ஸோ ப்ளீச்சோ சிறிது கலந்தாலும் டெவலப்பர் கெட்டுப்போகும்.