என்பிடெல் பாடங்கள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். என்பிடெல் (NPTEL) என்னும் இணையவழிப் பாடங்களை நானும் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன், அவற்றைப் படிக்கும் மாணவர்களுக்கு மென்டராகவும், அதாவது வழிகாட்டியாகவும், இருக்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. வீடியோ பாடங்களாகத் தொடங்கி, 2014-இல் சான்றிதழ் படிப்புகள் வந்தன. சேரக் காசு வேண்டாம், தேர்வுக்கு மட்டும் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய்.

மதிப்பெண் கணக்கை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். 12 வாரப் பாடம் என்றால் நன்றாகச் செய்த 8 அசைன்மென்ட்டுகளின் சராசரிக்கு 25, மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். இந்த 75-தான் இந்தப் படிப்பின் மானத்தைக் காப்பாற்றுகிறது என்பேன். அசைன்மென்ட் விடைகள் டெலிகிராம் குழுக்களில் சுற்றுகின்றன. கெடு முடியும் இரவு அதைப் பார்த்து டிக் அடித்துவிட்டுத் தூங்கப் போகும் பிள்ளைகள் நிறைய. அசைன்மென்ட்டில் முழு மதிப்பெண் வாங்கிய ஒரு பையன் தேர்வில் 30-ஐத் தொடவில்லை. “வீடியோ எல்லாம் பார்த்தேன் மேடம்” என்றான். பொய் சொல்லவில்லை. ஆனால் நோட்டில் ஒரு கணக்குகூடப் போட்டிருக்கவில்லை.

அப்புறம் சனிக்கிழமை மதியம் லேபில் எல்லோரும் சேர்ந்து பார்க்க ஆரம்பித்தோம். சிக்னல்ஸ் பாடத்தில் கான்வல்யூஷன் (இரண்டு சிக்னல்களைச் சேர்த்து மூன்றாவதைக் கணக்கிடும் முறை) வரும் இடத்தில், பேராசிரியர் சிக்னலைத் திருப்பிப் போட்டு நகர்த்தத் தொடங்கியதும் வீடியோவை நிறுத்திவிடுவேன். மீதியை அவரவர் தாளில் போட வேண்டும். இரண்டு நிமிடத்தில் அவர் முடிப்பதற்கு எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் நின்றால்தான் தெரிகிறது. அந்த வகுப்புக்கு வந்த பிள்ளைகள் தேர்வுக்குப் பயப்படாமல் போனார்கள்.

எனக்குள்ள ஒரே கவலை வேறு. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதிமுறைப்படி, ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடங்கள் வரை, என்பிடெல் பாடங்களும் இருக்கும் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாகப் படித்து, அந்த கிரெடிட்டை (பாடத்துக்கான மதிப்பு அலகு) கல்லூரிப் படிப்பின் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். நல்ல வசதிதான். சிறிய ஊர்க் கல்லூரிப் பிள்ளைக்கு ஐஐடி பேராசிரியரின் பாடம் கிடைக்கிறது. ஆனால் அதைக் காட்டி அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே போடாமல் விட்டால், தடுமாறும் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

செமஸ்டருக்கு ஒரு 12 வாரப் பாடம் போதும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.