கண்ணால பாத்து நம்புறதா, காதால கேட்டு நம்புறதா?

ஒரு அற்புதம் மட்டும் பாத்துட்டா கடவுள நம்பிடுவேன்னு சொல்றவங்களுக்காக, அற்புதத்த பாத்து நம்புறது, அவர் வார்த்தைய கேட்டு நம்புறது ரெண்டையும் பைபிள் சம்பவங்களோட பக்கத்துல பக்கத்துல வெச்சு பாப்போம்.

வேகம்: பாத்தா உடனே வந்துடும். கேட்டு வர்றதுக்கு நாளாகும்.

தாங்குமா: இங்கதான் விஷயமே. எகிப்துல இருந்து தப்பிச்சப்போ செங்கடல் பிளந்தத பாத்த இஸ்ரவேல் ஜனங்க, தங்களோட தலைவர் மோசே சீனாய் மலையில இருந்து இறங்க லேட் ஆச்சுன்னு பொன் கன்னுக்குட்டி செஞ்சு கும்பிட்டாங்க. இயேசு பெருக்கி குடுத்த 5 அப்பத்துல வயிறு நெறஞ்ச கூட்டம் மறுநாளே அவர்கிட்ட "நாங்க நம்புற மாதிரி என்ன அடையாளம் காட்டுவீர்"னு கேக்குது (நேத்து சாப்ட்டது என்னவாம்!). நூற்றுக்கு அதிபதியோ (நூறு ரோம வீரர்களோட தலைவர்), வேலைக்காரன் நோயா கிடந்தப்போ இயேசுகிட்ட, வீட்டுக்கு வரவேணாம் ஒரு வார்த்தை சொன்னா போதும்னாரு, வேலைக்காரன் பொழச்சான்.

மனசு மாறுமா: செத்துப்போன லாசருவ இயேசு உயிரோட எழுப்புனத பிரதான ஆசாரியர்கள் (யூத கோவில் தலைவர்கள்) யாரும் பொய்னு சொல்லல, ஜனங்க இயேசு பக்கம் போறாங்களேன்னு லாசருவையும் சேத்து கொல்லத்தான் பிளான் போட்டாங்க. நம்புனா பதவி போயிடும்னா கண்ணு என்ன பாத்தாலும் மனசு ஒத்துக்காது.

சந்தேகத்தோட ஆனா நேர்மையா தேடுறவங்களுக்கு, தோமா மாதிரி (உயிர்த்தெழுந்த இயேசுவோட காயத்த பாத்தாதான் நம்புவேன்னு சொன்ன சீஷன்), பாக்குறது உதவும். தெனசரி கஷ்டத்துல பிடிச்சு நிக்கணும்னா கேட்டு நம்புறதுதான். ஏற்கனவே முடிவு பண்ணிட்டவங்களுக்கு ரெண்டும் வேலைக்கு ஆகாது.