ரப்பர் தோட்டத்துக்குள் ஃபைபர் இணைப்பு: இரண்டரை ஆண்டு அனுபவம்

திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் இடையில், பஸ் ஓடும் சாலையிலிருந்து 300 மீட்டர் உள்ளே இறங்கினால் எங்கள் வீடு. வழியெல்லாம் ரப்பர், நடுவே பழைய அயனி மரம் ஒன்று. கைப்பேசியில் பேச வேண்டுமென்றால் கிணற்றங்கரை வரை போக வேண்டும். இந்த வீட்டில் ஃபைபர் இணைய இணைப்பு வைத்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. குமரி மாவட்டத்துக்கு ஆடியிலும் ஐப்பசியிலுமாக ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். அப்படி ஐந்து மழைக்காலங்களைத் தாண்டிய பிறகு இதை எழுதுகிறேன். வாங்கிய மாதமே எழுதியிருந்தால் வேகத்தைப் பற்றி மட்டும்தான் எழுதியிருப்பேன்.

விண்ணப்பித்தபோது உங்கள் பகுதியில் வசதி இல்லை என்று நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. அந்த நிறுவனத்துக்காக எங்கள் ஊரில் வேலை பார்க்கும் கேபிள் டிவிக்காரர்தான் நேரில் வந்து, சாலையோரக் கம்பத்துப் பெட்டியில் ஓர் இடம் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்தார். 100 மீட்டர் கேபிள் இலவசம். மீதி 220 மீட்டருக்கு, மீட்டர் 12 ரூபாய் வீதம் 2,640 ரூபாய் கொடுத்தோம். உள்ளே தள்ளி வீடு வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேபிளை இணைக்க வந்த பையன் அருமனைக்காரன். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கறுப்பு உறையை உரித்தபோது உள்ளிருந்து வந்தது தலைமுடி போன்ற ஒரு கண்ணாடி இழை. அதன் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் ஒளி ஓடுவது 9 மைக்ரான் அகலமுள்ள நடுப்பகுதியில் மட்டும். ஸ்பிரிட்டால் துடைத்து, நுனியை நேராக வெட்டி, கையடக்க இயந்திரத்தில் இரு முனைகளையும் எதிரெதிரே வைத்தான். சிறு திரையில் இரண்டு கோடுகள் நெருங்கி வந்து, ஒரு பொறியில் ஒன்றாயின. அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெட்டி விழுந்த துணுக்குகளை ஒன்றுவிடாமல் ஒட்டுநாடாவில் ஒற்றி எடுத்து அவன் சுருட்டி வைத்ததுதான் என் மனத்தில் நின்றது. “காலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது அம்மா, எடுக்கவும் முடியாது” என்றான். “இரி மக்களே, சாயா குடித்துவிட்டுப் போ” என்று அம்மா உள்ளே போனாள்.

போவதற்கு முன் மீட்டரை வைத்து ஒளியின் அளவைக் காட்டினான்: மைனஸ் 21. இது டெசிபெல் கணக்கு. பூஜ்ஜியத்திலிருந்து விலக விலக ஒளி குறைவு. 3 புள்ளி இறங்கினால் பாதி ஒளி போய்விட்டது என்று பொருள். மைனஸ் 27 அளவுக்குப் போனால் வீட்டிலுள்ள மோடம் பெட்டிக்கு ஒளியைப் பிடிப்பது கடினம். எங்கள் மைனஸ் 21-ஐ அன்றே காலண்டரின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன். பிற்பாடு எனக்கு அதிகம் கைகொடுத்தது அந்தக் குறிப்புதான்.

முதல் ஆடியிலேயே தொல்லை தொடங்கியது. மழை பெய்தால் இணைப்பு போகும், விட்டால் வரும். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கும். புகார் செய்தால் பெட்டியை அணைத்துப் போடச் சொல்வார்கள். யாருமே வராமல் “குறை சரிசெய்யப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தது ஒருமுறையல்ல, மூன்று முறை. நாளெண்ணிக் காத்திருக்கும் மனிதர்களிடம் இப்படி நடந்துகொள்வது தவறு. குவைத்தில் இருக்கும் அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் வருவதற்காகத்தான் முதலில் இந்த இணைப்பையே எடுத்தோம்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் அம்மா. கேபிள் சன்னல் சட்டத்தின் வழியாக உள்ளே வந்திருந்தது. சாரல் அடித்தால் அவள் சன்னலைச் சாத்துவாள். ஒருநாள் மழையே இல்லாத மாலையில், கொசுவுக்காகச் சாத்தியபோதும் சிவப்பு விளக்கு வந்தது. “நான் சன்னலை அடைத்தால்தானே இது போகிறது?” என்றாள். கதவு கேபிளை அழுத்தி மடக்கியிருக்கிறது. கண்ணாடி இழை குறுக மடிந்தால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். கேபிள்காரரை வரவழைத்து அளந்தோம். சன்னல் திறந்திருந்தால் மைனஸ் 21, சாத்தினால் மைனஸ் 29. அன்றே சுவரில் வெளிப்பக்கம் சரிவாகத் துளை போட்டு, மழைநீர் கேபிள் வழியே உள்ளே இறங்காதபடி வெளியே ஒரு தொங்கலும் விட்டு மாற்றினோம். மழைக்கும் எங்கள் இணைப்புக்கும் இருந்த பகை அதோடு தீர்ந்தது.

பிறகு இரண்டு முறை கேபிள் அறுந்தது. அயனிக் கிளை முறிந்து விழுந்தது ஒருமுறை. ரப்பர்த் தடி ஏற்றிய லாரி, சாலைக்குக் குறுக்கே தாழ்வாகத் தொங்கிய கேபிளை இழுத்துக்கொண்டு போனது மறுமுறை. அதைச் சரிசெய்ய ஒன்பது நாள். இப்போது கேபிளை உயர்த்தி, அயனியைச் சுற்றி எல்லையோரமாகத் திருப்பியிருக்கிறோம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது இங்கே மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, மரத்தில் கேபிளைக் கட்ட மனம் வராது.

இடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்புக் கம்பித் தொலைபேசி இருந்த காலத்தில் சித்திரை இடியில் இரண்டு மோடம்கள் கருகின. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் கேபிளோடு ஓடும் உலோகத் தாங்குகம்பியில் பாயும்; அதை வெளிச்சுவர்க் கொக்கியிலேயே கட்டி வெட்டச் சொல்லுங்கள், உள்ளே விடக்கூடாது. கரண்ட் வழியாகவும் இடி வரும் என்பதால் வானம் இருட்டினால் நாங்கள் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். வெறும் மின்வெட்டு என்றால் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று மூன்று மணி நேரம் தாங்குகிறது.

வேகத்தில் குறையில்லை. 100 எம்பிபிஎஸ் திட்டம், மாதம் 599 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 707. பெட்டியோடு கம்பியில் இணைத்தால் 94 வரை வருகிறது. தடித்த சுவர்களைத் தாண்டி அடுக்களைக்குப் போகும்போது வைஃபையில் 20தான். அம்மா அண்ணனோடு பேச அது தாராளம். அப்பா காலையில் பால்வெட்டு முடிந்து வந்ததும் கோட்டயம் சந்தையில் ஆர்எஸ்எஸ் 4 என்ற தரத்து ரப்பர் ஷீட்டின் விலையைப் பார்க்கிறார். முன்பு கடைக்காரர் சொன்ன விலைதான் விலை.

வைத்த அன்று அருமனைப் பையன் சாலையோரக் கம்பத்தில் 15 மீட்டர் கேபிளைச் சுருட்டிக் கட்டிவிட்டுப் போனான். வீண் செலவு என்று அன்று நினைத்தேன். இரண்டு அறுப்புகளையும் சரிசெய்தது அந்தச் சுருளிலிருந்து எடுத்த கேபிளால்தான். இப்போது அங்கே நான்கு மீட்டர்கூட மீதியில்லை. ஐப்பசிக்கு முன் இன்னொரு சுருள் போட்டுத்தரச் சொல்லிக் கேபிள்காரரிடம் பணம் கொடுத்திருக்கிறேன்.