டெக்சாஸ் வீட்டுக்கு எடுத்த டைட்டில் இன்சூரன்ஸ்: ஏழு ஆண்டு அனுபவம்

2016இல் டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் வீடு வாங்கியபோது, பத்திரப்பதிவு முடிந்து சில வாரங்கள் கழித்துத் தபாலில் வந்த டைட்டில் இன்சூரன்ஸ் (வீட்டின் உரிமையில் குறை வந்தால் காக்கும் காப்பீடு) பாலிசியை நான் பிரித்துக்கூடப் படிக்காமல் கோப்பில் செருகி வைத்தேன். அதன் அருமை 2023இல் அந்த வீட்டை விற்க முனைந்தபோதுதான் புரிந்தது. எங்களுக்கு முந்தைய உரிமையாளர் வாங்கிய இரண்டாவது கடன் ஒன்று, முழுவதும் அடைக்கப்பட்டிருந்தும், அதன் விடுவிப்புப் பத்திரம் கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்தில் பதியப்படாததால், வீட்டின் மீது நிலுவையில் இருப்பதாகவே பதிவேடு காட்டியது. கடனைக் கட்டி முடித்தும் ரசீதுப் பத்திரம் பதியாமல் விட்டால் நம் ஊர் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்குமல்லவா, அதே சிக்கல்தான்.

காப்பீட்டு நிறுவனத்திடம் தொலைபேசியில் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. பத்து நாட்கள் வீணாயின. பாலிசியின் நகலையும் பதிவேட்டுப் பக்கத்தையும் இணைத்து, அந்நிறுவனத்தின் இழப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவுக்கு எழுத்து மூலம் அனுப்பிய பிறகு நிலைமை மாறியது. அவர்களே பழைய வங்கியைத் தேடிப் பிடித்து, விடுவிப்புப் பத்திரத்தை வாங்கிப் பதிவும் செய்து கொடுத்தார்கள். எங்களுக்கு ஒரு டாலரும் செலவாகவில்லை.

மற்றக் காப்பீடுகள் இனி நேரக்கூடிய விபத்துக்காக எடுக்கப்படுபவை. இதுவோ நாம் வாங்கும் நாளுக்கு முன்பே உரிமையில் புதைந்திருக்கும் குறைக்காக எடுக்கப்படுவது. போலிக் கையெழுத்து, மறைக்கப்பட்ட வாரிசு, முந்தையவர் கட்டாமல் விட்ட வரி, பதிவேட்டுப் பிழை ஆகியவற்றால் யாரேனும் வழக்குத் தொடுத்தால், வழக்கறிஞர் செலவை நிறுவனம் ஏற்கிறது. இழப்பு உறுதியானால் பாலிசித் தொகை வரை ஈடு தருகிறது. அந்தத் தொகை பொதுவாக வாங்கிய விலைதான் என்பதால், வீட்டின் மதிப்பு இரட்டிப்பானாலும் காப்பு தானாக உயர்வதில்லை. வேறு பல மாநிலங்களில் கிடைக்கும் விரிவான பாலிசியில் அது ஆண்டுக்கு 10 சதவீதமாக ஐந்து ஆண்டுகளுக்கு உயர்கிறது.

பாலிசிக்கு முன்னதாகத் தரப்படும் உறுதி ஆவணத்தில், ஷெட்யூல் பி என்ற பகுதியில் பட்டியலிடப்பட்ட விலக்குகளை (காப்பில் சேராதவற்றை) வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே வரி வரியாகப் படியுங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். மின்கம்பி செல்லும் பாதையுரிமை, குடியிருப்புச் சங்க விதிகள் முதலியவை அதில் ஏறிவிட்டால் பிறகு அவற்றுக்கு ஈடு கேட்க முடியாது. டெக்சாஸில் அடிப்படைப் பிரீமியத்தில் 5 சதவீதம் கூடுதலாகச் செலுத்தினால் நில அளவைத் தகராறுகளுக்கும் பெரும்பாலும் காப்பு கிடைக்கும். பக்கத்து வீட்டு வேலி நம் எல்லைக்குள் வந்திருக்கும் ஊர்களில் இதைத் தவிர்ப்பது சரியன்று. பிரீமியத்தை மாநிலக் காப்பீட்டுத் துறையே நிர்ணயிப்பதால் கடை கடையாக விலை விசாரிக்க வேண்டியதில்லை. சேவையைத்தான் விசாரிக்க வேண்டும்.

காலவரம்பைப் பற்றிப் பலருக்குக் குழப்பம் உண்டு. இதில் கடன் கொடுப்பவருக்கு ஒன்று, உரிமையாளருக்கு ஒன்று என இரு பாலிசிகள் உண்டு. கடன் கொடுப்பவருக்கான பாலிசி கடன் தீர்ந்ததும் முடிந்துவிடும். பழைய கடனை அடைக்கப் புதிய கடன் (மறுகடன்) வாங்கினால் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். உரிமையாளர் பாலிசிக்கோ ஒரே ஒரு முறைதான் பிரீமியம். வீடு நம் பெயரில் உள்ளவரை அது நீடிக்கும், நமக்குப் பின் வாரிசுரிமையில் பெறும் பிள்ளைகளுக்கும் தொடரும். தங்கள் சொந்த நிறுவனத்தின் பெயருக்கு வீட்டை மாற்ற நினைப்பவர்கள் மட்டும், காப்பு தொடருமா என்று முன்பே எழுதிக் கேட்டுப் பதில் பெறுவது நல்லது. விற்பனைப் பத்திரத்தில் உரிமைக்கு நாம் உத்தரவாதம் அளித்திருந்தால், அந்தப் பொறுப்பு நம் மீது இருக்கும்வரை விற்ற பின்பும் பாலிசி நம்மைக் காக்கும். அதனால்தான் வீடு கைமாறிய பிறகும் அதை நாங்கள் கிழித்தெறியவில்லை.