புழுவெட்டு வந்த பிள்ளையை நம்பி உட்கார வைக்கலாம்: சுங்கை சிப்புட்டில் ஒரு முடிவெட்டும் கடை

மலேசியாவில், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரெண்டே நாற்காலி போட்ட பழைய கடை. பிள்ளைகளுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்). சனிக்கிழமை தோட்டத்துச் சனமெல்லாம் வந்துவிடும், ஒரு மணி நேரம்கூட காத்திருக்க வேண்டும், மின்விசிறியும் ஒன்றுதான். அப்படியிருந்தும் நான் அங்கேயே போகிறேன், காரணம் என் மகன்.

போன வருஷம் அவனுக்கு ஒன்பது வயது. பின்மண்டையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் சட்டென்று நிறுத்தி, கையசைத்து என்னைக் கூப்பிட்டார். இருபது காசு அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம், ஓரத்தில் ஒடிந்த குட்டை முடி நாலைந்து. "புழுவெட்டு மாதிரி இருக்கும்மா, வெங்காயம் எதுவும் தேய்க்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

நான் பதற்றத்தில் முதலில் போனது ஈப்போவில் ஒரு முடி சிகிச்சை மையத்துக்கு. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு 2,800 வெள்ளிக்கு பேக்கேஜ் என்றார்கள், வீட்டில் யாருக்காவது தைராய்டு இருக்கிறதா என்றுகூட கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அதைக் கேட்டது தோல் டாக்டர்தான். இதில் புழுவே கிடையாதாம், உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குகிறது, ஆனால் வேர் சாகாது, அதனால் முடி திரும்ப முளைக்க வாய்ப்பு உண்டு, யாருக்கும் ஒட்டாது. வாழ்நாளில் 100 பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு வருகிறதாம், எனக்கு அதுவே பெரிய ஆறுதல். தைராய்டு கோளாறு, வெண்புள்ளி, எக்ஸிமா, ஆஸ்துமா இதெல்லாம் இவர்களுக்குக் கூடவே வருவது மற்றவர்களைவிட அதிகம் என்றும் சொன்னார். மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே எக்ஸிமா, என் அம்மா பல வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார், நாங்கள் இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை. டாக்டர் அவன் நகங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஊசியால் குத்தியது போல் குட்டிக் குட்டிக் குழிகள் இருந்தன, அதுவும் இதோடு வருவதுதானாம். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது, பூசுவதற்குக் களிம்பு கொடுத்தார்.

நாலு மாதத்தில் வட்டத்துக்குள் வெள்ளையாகப் பூனைமுடி எட்டிப் பார்த்தது, முதலில் கவனித்ததும் அண்ணன்தான். அதுவரை மேல்முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டு வட்டம் தெரியாமல் வெட்டிவிடுவார், அவனைச் சுவர்ப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வைப்பார். ஒருநாள் காத்திருந்தவர் ஒருவர் "படையா?" என்று கேட்டு தன்னுடைய மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "படை இல்லைங்க, ஒட்டாது" என்று சொல்லிவிட்டு, அண்ணன் என் மகன் தலையைத் தடவிக்கொடுத்தார். அவன் அன்றைக்குத் தலைகுனியவே இல்லை.

பிள்ளைக்கு இப்படி இருந்தால் புதன்கிழமை காலையில் கூட்டிப் போங்கள், ஆளே இருக்காது. ரொக்கம் மட்டும்தான் வாங்குகிறார்.