தொலேடோவா, செகோவியாவா? மாட்ரிடிலிருந்து ரயிலேறிப் போய் நடக்க எது நல்லது?

மாட்ரிட் வரை போனவர்கள் ஒரு நாளைப் பழைய ஊர் ஒன்றுக்கு ஒதுக்க நினைத்தால், பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும். வேக ரயிலில் இரண்டுக்குமே ஏறக்குறைய அரை மணி நேரம். செகோவியா 1985-லும் தொலேடோ 1986-லும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் வித்தியாசம் தொடங்குகிறது.

தொலேடோவுக்கு அட்டோச்சா நிலையத்தில் ஏற வேண்டும், செகோவியாவுக்கு நகரின் வடக்கே உள்ள சமார்ட்டினில். இதை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவந்த் என்ற இந்த வேக ரயில்களில் முன்பதிவு செய்த இருக்கைதான். வார இறுதியென்றால் திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

செகோவியாவின் வேக ரயில் நிலையம் ஊருக்கு வெளியே, சில கிலோமீட்டர் தள்ளி வெட்டவெளியில் இருக்கிறது. அங்கிருந்து பேருந்து பிடித்தால் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர ரோமானியர் கட்டிய நீர்ப்பாலத்தின் அடியில் கொண்டுவந்து விடும். தொலேடோவில் அந்தக் கவலையே இல்லை. வண்ண ஓடுகளும் செங்கல் வேலைப்பாடும் கொண்ட அந்த நிலையமே பார்க்க வேண்டிய கட்டடம். வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் தாஹோ ஆற்றின் மேல் அல்காந்தரா பாலம்; எதிரே மேட்டில் ஊர். பாலத்தைத் தாண்டி, கோட்டை வாசல் வழியாக, காலால் நடந்தே ஊருக்குள் நுழையலாம். எனக்குத் தொலேடோதான் ஒரு படி மேல் என்பதற்கு இந்த நுழைவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம், உள்ளே இருப்பவை. 999-இல் கட்டிய சின்ன மசூதி, 1226-இல் தொடங்கிய பேராலயம், யூதர்களின் பழைய தொழுகைக்கூடங்கள் என எல்லாம் நடக்கும் தூரத்தில். சாந்தா மரியா லா பிளாங்காவுக்குள் வெள்ளை வெளேரென்று குதிரை லாட வளைவுகள் வரிசையாக நிற்கும். யூதர் தொழுவதற்காக, கிறிஸ்தவ அரசின் கீழ், இஸ்லாமியக் கட்டடக் கலையில் எழுந்த கூடம் அது. பின்னாளில் தேவாலயமாக மாறியது. மூன்று மதத்தாரின் கதையை ஒரே அறையில் நின்று பார்ப்பது சாதாரண விஷயமில்லை. எல் கிரேக்கோ சாந்தோ தோமே தேவாலயத்துக்காக வரைந்த ஓர்காஸ் பிரபுவின் அடக்க ஓவியமும் இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறது.

செகோவியாவைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நீர்ப்பாலம் உயரமான இடத்தில் சுமார் 28 மீட்டர். சாந்து இல்லாமல் அடுக்கிய கருங்கற்கள் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கின்றன. பக்கத்தில் போய்ப் பாருங்கள்: கற்களைத் தூக்க இரும்புக் கொக்கி பிடித்த குழிகள் இன்னும் தெரியும். அங்கிருந்து கடைத்தெரு வழியாகப் பேராலயம், அப்புறம் ஊரின் கோடியில் கப்பலின் முகப்பைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் அல்காசர் கோட்டை. வழி தவறவே முடியாது. வீட்டுச் சுவர்களில் சாந்தைச் சுரண்டிப் போட்ட கோலங்கள் வழியெல்லாம் துணைக்கு வரும்.

வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு நான் செகோவியாவைத்தான் சொல்வேன். ஏற்றம் உண்டு, ஆனால் பாதை நேரானது. தொலேடோவில் மேட்டுக்கு ஏற மின்படிக்கட்டுகள் இருந்தாலும், மேலே போனபின் சந்துகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலிலும், ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் செகோவியாவே தேவலை.

சாப்பாட்டில், செகோவியா என்றாலே வாட்டிய பன்றிக்குட்டிதான். பெரிய வெள்ளை பீன்ஸ் குழம்பும் அங்கே பிரபலம். ஆனால் அதிலும் பெரும்பாலும் இறைச்சி சேர்ப்பார்கள், சைவர்கள் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். தொலேடோவில் பாதாம் அரைத்துச் செய்யும் மாசபான் இனிப்பு கடைக்குக் கடை கிடைக்கும்.

திங்கட்கிழமைதான் ஒழிகிறது என்றால் செகோவியாவுக்குப் போங்கள். தொலேடோவின் எல் டிரான்சிட்டோ தொழுகைக்கூடத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.