ஒரு மதகைக் கட்ட எந்தப் பதவி வேண்டும்?

ஏதாவது ஒரு அரசியல் பதவியை எடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால், இலங்கை மலையகத்தில், அதாவது நம் தேயிலைத் தோட்டப் பகுதியில், பாதிப் பேர் எம்.பி. என்பார்கள், மீதிப் பேர் அமைச்சர் என்பார்கள். பிரதேச சபைத் தவிசாளர், அதாவது உள்ளூர் சபையின் தலைவர், என்று யாராவது சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வேண்டியது அந்தப் பதவிதான். ஏன் என்று சொல்ல மற்ற நாற்காலிகளிலும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சம்பளம், வாகனம், பாதுகாப்பு என்று ஒப்பிட்டால் விடை உடனே வந்துவிடும், அதில் அலச ஒன்றுமில்லை. அதனால் ஒரு மதகை வைத்துப் பார்ப்போம். தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிசனுக்குப் போகிற ரோட்டில், மழைக்கு ஒரு மதகு, அதாவது ரோட்டுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சின்னப் பாலம், இடிந்து விழுந்துவிட்டது. கொழுந்து லொறி வேறு பக்கத்தால் சுற்றிப் போகும். ஆட்டோக்காரர் கீழேயே நிறுத்தி "இதுக்கு மேல வராதுங்க" என்பார். இரவில் யாருக்காவது வலி வந்தால் கம்பளியில் கட்டித்தான் தூக்கி வர வேண்டும். இந்த மதகைக் கட்ட, எந்தப் பதவியில் இருப்பவர் எத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டும்? என் அளவுகோல் அவ்வளவுதான்.

மலையகத்தில் ரோட்டுக்கு ஒரு சொந்தக்காரர் கிடையாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகிற ஏ 7 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. அதிலிருந்து பிரிகிற கிளை வீதிகளில் சில மாகாணத்துக்கு, சில பிரதேச சபைக்கு. கடைசியில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு, ஏறுகிற ரோடு தோட்டத்துடையது. டவுனில் பஸ் ஏறி வீட்டு வாசலில் கால் வைப்பதற்குள் நாலு நிர்வாகங்களைக் கடந்துவிடுவோம். பலகை எதுவும் தேவையில்லை, குழியின் ஆழத்தைப் பார்த்தே இது யாருடைய எல்லை என்று சொல்லிவிடலாம்.

ஜனாதிபதி பதவியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2024 தேர்தலில் நம் மலையகத்திலிருந்து மயில்வாகனம் திலகராஜ் போட்டியிட்டார். வெல்லப் போவதில்லை என்று தெரிந்தும், நாடு முழுவதற்குமான வாக்குச்சீட்டில் ஒரு மலையகப் பெயர் இருந்தது நல்ல விஷயம். ஆனால் ஜனாதிபதியின் மேசைக்கு நம் மதகு போய்ச் சேர்வதற்குள் அடுத்த மழைக்காலமும் முடிந்துவிடும்.

சரி, எம்.பி. இந்த நாற்காலியின் மேல் நமக்கு இருக்கிற ஆசைக்குக் காரணம் இருக்கிறது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இல் குடியுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது, அடுத்த வருடமே வாக்குரிமையும் போனது. 1952இல் அந்த ஏழில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. தோட்டத்து மக்களின் வாக்கில், அவர்களுடைய தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் மறுபடியும் பாராளுமன்றம் போவதற்கு 1977 ஆக வேண்டியிருந்தது, அதுவும் மூன்று அங்கத்தவர் தொகுதியான நுவரெலியா–மஸ்கெலியாவில் மூன்றாமவராக. இருபத்தைந்து வருடம் பறிபோயிருந்த நாற்காலி என்பதால்தான், அதில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்திருந்தாலே போதும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். 2024இல் நுவரெலியாவிலிருந்து கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் மலையகத் தமிழ்ப் பெண்களில் முதல் எம்.பி.க்களாகப் போனபோது எனக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

ஆனால் வேலை என்று பார்த்தால்? 225 பேரில் 196 பேர் மாவட்ட ரீதியாகத் தெரிவாகிறவர்கள், நுவரெலியாவுக்கு எட்டு. தொகுதி என்று ஒன்று இல்லை, முழு மாவட்டமும் தொகுதிதான். அக்கரப்பத்தனையிலும் ஓட்டுக் கேட்க வேண்டும், வலப்பனையிலும் கேட்க வேண்டும். விருப்பு வாக்கு முறையில் முதல் எதிரி சொந்தக் கட்சிக்காரர்தான். போஸ்டர் ஒட்டுகிற இரவுகளில் சண்டை எந்தக் கட்சிக்குள் நடக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வென்ற பிறகு கையில் இருப்பது ஒரு பேச்சு நேரம், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் ஒரு கதிரை, கிடைத்தால் கொஞ்சம் பன்முகப்படுத்தப்பட்ட நிதி (எம்.பி.க்கள் தங்கள் பகுதி வேலைகளுக்கு ஒதுக்குகிற பணம்). எதிர்க்கட்சியில் இருந்தால் மதகைப் பற்றி நன்றாகப் பேசலாம், பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டிலும் ஏறும். மதகு இருந்த இடத்திலேயே இருக்கும்.

அமைச்சர் அப்படியில்லை. பேரம் பேசத் தெரிந்தவர் அந்த இடத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1978இல் அமைச்சரவைக்குள் போன தொண்டமானே சாட்சி. நாடற்றவர்களாகக் கிடந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினை அசைந்ததில் அந்த நாற்காலிக்குப் பங்கு உண்டு. ஏழு பேர்ச்சஸ் காணி, தனி வீடு, மலையகத்துக்கென 2018இல் சட்டம் போட்டு அமைத்த அதிகார சபை, எல்லாமே அமைச்சு மட்டத்து வேலைகள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தாரே, அதையும் தவிசாளர் ஒருவர் கையொப்பம் போட்டு வாங்க முடியாது.

பிரச்சினை எங்கே என்றால், அந்த நாற்காலியின் கால்கள் வேறொருவர் கையில் இருக்கின்றன. அமைச்சுகளின் பொறுப்பை ஜனாதிபதி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆட்சிக்கு ஆட்சி நம் அமைச்சின் பெயரே மாறுகிறது: ஒரு காலத்தில் மலைநாட்டுப் புதிய கிராமங்கள், பிறகு நீர் வழங்கலோடு தோட்ட உட்கட்டமைப்பு, இப்போது பெருந்தோட்டத்தோடு சமூக உட்கட்டமைப்பு. லெட்டர்ஹெட் அச்சடிக்கிறவருக்கு நல்ல வியாபாரம். அப்புறம் காணி. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குப் போனபோது நிலம் அரசிடமே இருந்தது, குத்தகை மட்டும் 53 வருடம். 2045 வரைக்கும் அமைச்சரும் கம்பனியோடு பேசித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு இடம் கிடைத்தாலும் மண்சரிவு அபாயம் இல்லை என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் காட்டிய காட்சிக்குப் பிறகு அந்த அறிக்கையை யாரும் வெறும் கடதாசி என்று சொல்ல மாட்டார்கள்.

மாகாண சபை உறுப்பினர் பதவிக்கு ஆசைப்பட்டுப் பயனில்லை. மத்திய மாகாண சபைக்கு 58 ஆசனம் உண்டு, பல்லேகலையில் கட்டிடம் உண்டு, உறுப்பினர்தான் இல்லை. கடைசித் தேர்தல் 2013இல். நம் பிள்ளைகள் படிக்கிற பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் அந்த நிர்வாகத்தின் கீழ்தான் இருக்கின்றன என்பது வயிற்றெரிச்சல். சபை இல்லாத மாகாணத்தை நடத்துகிற ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார், ஓட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

இப்போது தவிசாளர். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரதேச சபைகள் வந்தபோது, தோட்டத்து மக்களுக்கு ஓட்டுப் போட மட்டும்தான் உரிமை இருந்தது. சபைப் பணத்தைத் தோட்டத்து எல்லைக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நம் ஓட்டில் தெரிவான உறுப்பினர் நம் லயத்து ரோட்டில் ஒரு லோட் கல் கொட்ட முடியாது. இப்படியொரு சட்டத்தோடு முப்பது வருடம் ஓடியது என்று வெளியூர்க்காரரிடம் சொன்னால் நம்பமாட்டார். 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே 2018 தேர்தலோடு, மிகப் பெரியவையாக இருந்த அம்பகமுவ, நுவரெலியா சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் வந்தன. முன்பு போகவந்தலாவைக்காரர் ஒரு கையெழுத்துக்கு எங்கே போனார், இப்போது எங்கே போகிறார் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும்.

தவிசாளரிடம் பணம் குறைவுதான். குத்தகைக் காணி என்பதால் தொரையோடு, அதாவது தோட்ட முகாமையாளரோடு, பேசாமல் அவருக்கும் வேலை நடக்காது. சபையில் பெரும்பான்மை இல்லாவிட்டால் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதற்குள் தலை நரைக்கும். 2025 மே தேர்தலுக்குப் பிறகு எத்தனை சபைகளில் தவிசாளரைத் தெரிவு செய்யவே இழுபறி நடந்தது என்று பார்த்தோம். ஆனாலும் ஒரு மதகு அவருடைய கணக்குக்குள் அடங்குகிற வேலை. தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பி அளக்கச் சொல்லலாம், மதிப்பீடு போடலாம், சபையில் தீர்மானம் எடுக்கலாம். கெஞ்ச வேண்டியது ஒரு கம்பனியிடமும் ஒரு சபையிடமும். மற்ற எல்லா நாற்காலிகளையும்விட வரிசை இங்கேதான் குட்டை. செய்யாவிட்டால் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை, சனிக்கிழமை மரக்கறிக் கடையில் வைத்தே கேட்டுவிடுவார்கள்: "என்னங்க தலைவரே, எங்க மதகு என்னாச்சு?"

தலைவர் என்றதும் இன்னொருவர் ஞாபகத்துக்கு வருகிறார். தோட்டத் தலைவர், அதாவது தோட்டத்தில் தொழிற்சங்கத்தின் தலைவர். எந்தச் சட்டத்திலும் இல்லாத பதவி. பேர் போட்ட பலகை இல்லை, சம்பளம் இல்லை. லயத்துக் கூரை ஒழுகினாலும், வேலை செய்த நாளுக்குப் பேர் போடாமல் விட்டுவிட்டார்கள் என்றாலும், ஆஸ்பத்திரிக்கு லொறி கேட்டாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அதிகாரம் என்ற சொல்லுக்கு மிக அருகில் இருப்பவர் அவர்தான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் தொரை "முடியாது" என்றால் அவர் கையில் மிஞ்சுவது வேலைநிறுத்தம் மட்டும். ஒரு மதகுக்காக எல்லாருடைய நாள் சம்பளத்தையும் பணயம் வைக்க எனக்கு மனசு வராது.

ஆகவே தவிசாளர். இரண்டாவது தெரிவு கேட்டால் அமைச்சர் என்பேன், அதுவும் காணி என் பொறுப்பில் வருகிற அமைச்சாக இருந்தால் மட்டும். ரோடு, தண்ணீர் மட்டும் தருகிற அமைச்சென்றால் வேண்டாம், அதைச் சபையிலேயே செய்துகொள்வேன். எம்.பி. மூன்றாவது. மாகாண சபையைப் பற்றி, தேர்தல் வைத்த பிறகு கேளுங்கள்.